அணைந்த பிறகு ஏறிய தண்ணீர்

(கல்வியியல் கல்லூரி ஒன்றில், கற்பித்தல் பயிற்சிக்குப் புறப்படும் மாணவர்களிடம் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



வரும் திங்கட்கிழமை நீங்கள் எல்லோரும் பள்ளிகளுக்குப் போகிறீர்கள். பதினாறு வாரம். பையில் பாடத்திட்ட நோட்டு இருக்கும், சுருட்டிய சார்ட்டுகள் இருக்கும், உடன் படிக்கும் நண்பர்களையே மாணவர்களாக உட்காரவைத்துப் பழகிய நுண்ணிலைப் பாடங்களின் நினைவு இருக்கும். பி.எட். படிப்பு 2015-இல் இரண்டாண்டாக மாறியதால்தான் இந்தப் பதினாறு வாரம் எனக்கும் கிடைத்தது, உங்களுக்கும் கிடைக்கிறது. முன்பு படித்தவர்களுக்கு இவ்வளவு நாள் இல்லை. ஒரே வகுப்பின் முகங்களை நான்கு மாதம் தொடர்ந்து பார்ப்பது பெரிய வாய்ப்பு. அந்த நான்கு மாதத்தில் எனக்கு நடந்தவற்றில் இரண்டு சோதனைகளைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். ஒன்று பல்பு, இன்னொன்று மெழுகுவர்த்தி. நீங்களும் இவற்றைச் செய்யாமல் திரும்பி வரமாட்டீர்கள்.

என்னை அனுப்பியது காவிரிப் படுகையில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கு. ஏழாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். எனக்கு வழிகாட்டி ஆசிரியையாக இருந்தவர் ஓய்வு பெற இரண்டு ஆண்டே மீதமிருந்த ஒரு டீச்சர். அதிகம் பேசமாட்டார். நான் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்வார்.

இரண்டாவது வாரம் மின்சுற்றுப் பாடம். ‘செய்து பார்த்துக் கற்றல்’ என்பதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். கரும்பலகையில் கேட்டுக் கேட்டு எழுதுவதைவிட, பிள்ளைகள் கையில் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். என் செலவிலேயே ஆறு குழுவுக்கும் ஒன்றரை வோல்ட் பேட்டரி, டார்ச் பல்பு, ஹோல்டர், ஒயர் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். முதலில் இந்த ஒயரை இங்கே மாட்டுங்கள், அடுத்து அந்த ஒயரை அங்கே மாட்டுங்கள், இப்போது சுவிட்சை அழுத்துங்கள் என்று சொல்லச் சொல்ல அவர்கள் செய்தார்கள். ஆறு பல்பும் எரிந்தன. கைதட்டல், சிரிப்பு. அன்றைய பாடத்தைப் போல ஒரு பாடம் இனி நடத்தமுடியாது என்று நினைத்தேன்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. டீச்சர் பின்னாலிருந்து எழுந்து வந்து, ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தார். “பேட்டரியிலேர்ந்து பல்புக்கு மின்சாரம் எப்படிப் போகுதுன்னு ஒரு படம் போடுங்க.” அவ்வளவுதான் சொன்னார்.

மதியம் ஆசிரியர் அறையில் அந்த நாற்பத்திரண்டு தாள்களையும் என் முன்னால் வைத்தார். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே ஒயர்தான் போட்டிருந்தார்கள். பேட்டரியின் மேல் மொட்டிலிருந்து பல்பின் அடிக்கு ஒரு கோடு. குழாயிலிருந்து குடத்துக்குத் தண்ணீர் போவதுபோல மின்சாரம் போய் பல்பில் தீர்ந்துவிடுகிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் தங்கள் கையாலேயே இரண்டு ஒயரை மாட்டியவர்கள் அவர்கள்.

“நீ சொன்னதைக் கை செஞ்சிருச்சும்மா. இதுல அவங்க கேள்வின்னு எது இருந்துச்சு?” என்றார் டீச்சர்.

அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1997-இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்’ என்ற அமெரிக்க ஆவணப்படத்தில், எம்.ஐ.டி. போன்ற பெரிய நிறுவனத்தில் பட்டம் வாங்கிய கையோடு அங்கியும் தொப்பியுமாக நிற்பவர்களிடம் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர் கொடுத்து எரியவைக்கச் சொல்கிறார்கள். பலரால் முடியவில்லை. அவர்கள் மின்னியல் கணக்குகளைப் பக்கம் பக்கமாகப் போட்டவர்கள். ஆனால் ஒருமுறைகூட அந்தச் சின்னப் பல்பின் எந்த இடத்தில் மின்சாரம் நுழைகிறது, எந்த இடத்தில் வெளியே வருகிறது என்று யோசிக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு நேர்ந்ததில்லை.

மறுநாள் ஹோல்டரையும் சுவிட்சையும் எடுத்துவைத்துவிட்டேன். அந்த ஆவணப்படத்தைப் பற்றி எதுவும் தெரியாமலேயே, டீச்சர் சொன்னபடி, ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரு சாண் ஒயர் மட்டும் கொடுத்தேன். எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. எரிந்த விதத்தைக் கரும்பலகையின் வலப்பக்கம் வரையவேண்டும், எரியாத விதத்தை இடப்பக்கம் வரையவேண்டும். இடப்பக்கம்தான் முதலில் நிரம்பியது. பதினைந்து நிமிடம் ஒரு பல்பும் எரியவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. டீச்சரைப் பார்த்தேன். வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார்.

பதினாறாவது நிமிடமோ என்னவோ, நடுப்பெஞ்சுப் பெண் ஒருத்தி பல்பைப் பேட்டரி மொட்டின் மேல் நேராக உட்காரவைத்து, பேட்டரியின் அடியிலிருந்து ஒயரைக் கொண்டுவந்து பல்பின் பக்கவாட்டுத் தகரத்தில் தொட்டாள். எரிந்தது. அவள் கத்தவில்லை. எடுத்துவிட்டு மறுபடி தொட்டாள். மறுபடி எரிந்தது. பிறகுதான் என்னைப் பார்த்தாள். அடுத்த பத்து நிமிடத்தில் எரிய வைக்கும் வழிகள் நான்கு என்று கரும்பலகை சொன்னது. எல்லா வழியிலும் பல்பின் அடிமொட்டும் பக்கத் தகரமும் இரண்டும் தொடப்பட்டிருந்தன. “ஏன் டீச்சர் பக்கத்துலயும் தொடணும்?” என்று கேட்டார்கள். கெட்டுப்போன பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி நானே உடைத்துக் காட்டினேன். உள்ளே இழையின் ஒரு கால் அடிமொட்டுக்குப் போகிறது, இன்னொரு கால் பக்கத் தகரத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் எழுந்த ‘ஓ’ என்ற சத்தம் முதல் நாள் கைதட்டலைப் போல இல்லை. சின்னதாக, தனித்தனியாக, ஆளுக்கொரு நேரத்தில் எழுந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேட்டரியின் இரு முனையையும் வெறும் ஒயரால் தொட்டால் ஒயர் சுடும். ஒரு பையன் சுட்டுக்கொண்டு கையை உதறினான். பெரிய காயம் இல்லை. ஆனாலும் வீட்டுச் சுவர் பிளக்கில் இதைச் செய்து பார்க்கவே கூடாது என்பதை அன்றே, பல்பு எரிவதற்கு முன்பே, நான் சொல்லியிருக்கவேண்டும். நீங்கள் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போது மெழுகுவர்த்திக்கு வருகிறேன்.

சோதனை உங்களுக்குத் தெரியும். தட்டில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, பற்றவைத்து, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது. தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. நான் பள்ளியில் படித்தபோது எனக்குச் சொல்லப்பட்ட விளக்கம் இது: சுடர் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது, காலியான இடத்துக்குத் தண்ணீர் ஏறியது, ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது, எனவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். எவ்வளவு அழகான விளக்கம்! எனக்கு அறிவியல் பிடித்ததற்கே இந்தச் சோதனை ஒரு காரணம். அதே அழகோடு பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன். தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சொட்டு நீலம் கலந்தேன். டம்ளரில் தாள் பட்டை ஒட்டி ஐந்து சமக் கோடு போட்டேன்.

பாடத்திட்ட நோட்டில் ஒரு கட்டம் வைத்திருந்தேன்: எதிர்பார்க்கும் விடை. என் கேள்விக்கு எதிரே அந்தக் கட்டத்தில் ‘ஆக்சிஜன் தீர்ந்ததால் நீர் மேலே ஏறியது’ என்று முதல் நாள் இரவே எழுதியிருந்தேன்.

வகுப்பில் செய்து காட்டினேன். தண்ணீர் ஏறியது. ஏன் ஏறியது என்று கேட்டேன். கேட்ட மறு நொடியே முன் பெஞ்சுப் பிள்ளை ஒன்று நான் விரும்பிய விடையைச் சொல்லிவிட்டது. மகிழ்ந்து போய்க் கரும்பலகையில் எழுதத் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “டீச்சர், அணைஞ்ச பிறகுதானே தண்ணி ஏறுது?”

சன்னலோரம் உட்காரும் பையன். பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவரின் மகன். பாதி நாள் காலையில் கடையில் நின்றுவிட்டுத்தான் வருவான். வகுப்பில் அவன் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். “சரியாப் பாருப்பா” என்று சொல்லிவிட்டு மேலே எழுதினேன். அவன் சரியாகத்தான் பார்த்திருந்தான். சரியாகப் பார்க்காதவள் நான். பல வருடமாகப் பார்த்த சோதனையை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. விளக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்று இரவு விடுதி அறையில் அந்தச் சோதனையை ஏழெட்டு முறை செய்தேன். அவன் சொன்னது உண்மை. சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் மட்டம் கிட்டத்தட்ட அசையவே இல்லை. சுடர் ஒடுங்கி அணையும் சமயத்தில்தான் சரசரவென்று ஏறுகிறது. ஆக்சிஜன் தீரத்தீரத் தண்ணீர் ஏறுகிறது என்றால் எரியும்போதே அல்லவா ஏறவேண்டும்?

காலையில் டீச்சரிடம் சொன்னேன். அவருக்கும் விடை உடனே தெரியவில்லை. முப்பது வருடமாகத் தானும் அப்படித்தான் சொல்லி வந்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சமும் சங்கடம் இல்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. “நீதிபோதனை பீரியடை எடுத்துக்க. பசங்ககிட்ட எனக்கும் தெரியலைன்னு சொல்லு. அவனைத்தான் முதல்ல பேசவிடு” என்றார்.

அப்படித்தான் தொடங்கினேன். நேற்று நீ சொன்னது சரி, நான் கவனிக்கவில்லை, எனக்கு இப்போது காரணம் தெரியவில்லை, எல்லோரும் சேர்ந்து பார்ப்போம் என்றேன். வகுப்பு சட்டென்று அமைதியானது. டீச்சருக்குத் தெரியாத ஒன்றைத் தேடப்போகிறோம் என்பது அவர்களுக்குப் புதிது.

ஆறு குழுவும் தனித்தனியாகச் செய்தார்கள். அளப்பதற்கு இருமல் மருந்து மூடியை ஒரு பிள்ளை கொண்டுவந்திருந்தாள், அதில் ஐந்து, பத்து மி.லி. கோடுகள் இருக்கும். டம்ளர் முழுவதும் 240 மி.லி. பிடித்தது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 48 வரவேண்டும். ஒரு குழுவுக்கு 25, இன்னொன்றுக்கு 40, மற்றொன்றுக்கு 30. யாருக்கும் 48 வரவில்லை. அப்போது ஒருவன் எழுந்து, ரெண்டு மெழுகுவர்த்தி வைக்கலாமா என்றான். வைத்தார்கள். கூட ஏறியது. மூன்று வைத்தார்கள். இன்னும் கூட ஏறி ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டிவிட்டது. டம்ளர் அதே டம்ளர், உள்ளே காற்று அதே காற்று. மெழுகுவர்த்தி கூடினால் ஆக்சிஜன் எப்படிக் கூடும் என்று முன் பெஞ்சுப் பிள்ளையே கேட்டாள். முதல் நாள் ‘சரியான’ விடை சொன்ன அதே பிள்ளை.

இன்னொருத்தி, டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வருவதைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஏதோ வெளியே போகிறது. என்ன போகிறது?

டீக்கடைப் பையன் அப்போதுதான் பேசினான். “எங்க கடையில சுடுதண்ணில கிளாஸ் அலசி ஈரத் தட்டுல கவுத்துவெச்சா, கொஞ்ச நேரங் கழிச்சு எடுக்க வராது டீச்சர். ஒட்டிக்கும். தட்டுல இருக்க தண்ணி உள்ள போயிருக்கும். அங்க மெழுகுவர்த்தி இல்லையே.”

அதைச் செய்து பார்க்கச் சத்துணவுக்கூடத்திலிருந்து வெந்நீர் வாங்கினோம். டம்ளரை அலசி, ஊற்றிவிட்டு, நீலத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்தோம். தீ இல்லை, புகை இல்லை. தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது.

அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. சூடான காற்று பருத்து, கொஞ்சம் குமிழியாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மெழுகுவர்த்தி கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் வெளியே போவதும் கூடும். இதை அவர்களே, பாதிப் பாதி வாக்கியங்களில், ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துச் சொல்லி முடித்தார்கள்.

ஆசிரியராகப் போகிறவர்கள் நீங்கள் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மெழுகுவர்த்தி எல்லா ஆக்சிஜனையும் தின்பதில்லை. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் 16 அளவுக்குக் குறைந்தாலே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனும் மாயமாவதில்லை. மெழுகில் உள்ள ஒரு வகை மூலக்கூறை எடுத்துக்கொண்டால், 38 பங்கு ஆக்சிஜன் செலவாகும்போது 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு திரும்ப வருகிறது. கூடவே வரும் நீராவி குளிர்ந்து நீராகிவிடும். ஆக, எரிதலால் மட்டும் டம்ளரில் உண்மையாகக் குறையும் அளவு இரண்டு விழுக்காடுகூட இல்லை. 240 மி.லி. டம்ளரில் ஒரு தேக்கரண்டி. மீதி எல்லாம் சூட்டின் வேலை. இந்தச் சோதனையைப் பற்றிப் பைசாந்தியத்து ஃபைலோ என்ற கிரேக்கர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். 1999-இல் அமெரிக்க வேதியியல் கல்வி இதழ் ஒன்றில், இந்தத் தவறான விளக்கம் ஏன் சாகாமல் தொடர்கிறது என்பதற்காகவே பிர்க், லாசன் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நம் வகுப்பறைகளிலும் அது தொடர்கிறது. அளந்து பார்க்காததால் தொடர்கிறது.

அந்த வாரத்தில் நான் இன்னொன்றைப் பழகினேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், 1970-களில் நூற்றுக்கணக்கான வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடிதான் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக நீட்டினாலே பிள்ளைகளின் விடைகள் நீள்கின்றன, இதுவரை பேசாதவர்கள் பேசுகிறார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கிறார்கள் என்றும் சொன்னார். மூன்று வினாடி என்பது சொல்வதற்கு எளிது. கரும்பலகை முன் நின்று பாருங்கள், மூன்று நிமிடம் போல இருக்கும். கட்டைவிரலால் விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன்.

இதெல்லாம் ஏதோ புதிய முறை என்று நினைத்துவிடாதீர்கள். பி.எட். தேர்வில் ஆம்ஸ்ட்ராங்கின் கண்டறி முறை பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருப்பீர்கள். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லண்டனில், பிள்ளைகளே தேடிக் கண்டறிய வேண்டும் என்று சொல்லிப் போராடியவர். நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராமிய மையம் என்ற இரண்டு அமைப்புகள் தொடங்கின, பின்னால் 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு நடத்தியது. பாடநூலில் விடையே இருக்காது. சோதனையும் கேள்வியும்தான் இருக்கும். விடையைப் பிள்ளைகள் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. பிள்ளைகள் தங்கள் கேள்விகளை ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாகப் போடுவார்கள், பதில் வரும். அங்கே தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து உருவங்கள் செய்யத் தொடங்கிய அர்விந்த் குப்தாவின் பொம்மைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002-இல் அந்த மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருட உழைப்பு ஒரே ஆணையில் நின்றுபோனது. அதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் சொந்த வீட்டில் நடந்ததைப் போல இருந்தது.

தமிழ்நாட்டில் நமக்கு விதை இல்லாமல் இல்லை. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் வரும் ‘துளிர்’ இதழ், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2022-இல் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வந்த வானவில் மன்றம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். பொருள் பெட்டிகள் வகுப்பறைக்கு வருகின்றன. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் பெட்டியைத் திறந்து, முதல் நாள் நான் பல்பை எரியவைத்ததுபோல, சொல்லச்சொல்லப் பிள்ளைகள் மாட்டிவிட்டுக் கைதட்டிப் போனால், அந்தப் பெட்டி வந்த வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. கைக்கு வேலை கிடைத்துவிட்டதாலேயே கேள்வி பிறந்துவிடுவதில்லை. கேள்வி பிறக்க, எதிர்பார்த்தபடி நடக்காத ஒன்று வேண்டும். அது நடக்கும்போது மூடி மறைக்காத ஆசிரியரும் வேண்டும்.

தடைகளைப் பற்றிக் கேட்பீர்கள். நாற்பது நிமிடப் பீரியடில் மேசையைத் துடைக்கவே ஐந்து நிமிடம் போகும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருமுறை வாசலில் வந்து நின்று, இங்கே என்ன சந்தை நடக்கிறது என்று கேட்டார். போர்ஷன் பின்தங்கியது. மெழுகுவர்த்திக்கு மட்டும் மூன்று பீரியடா என்று எனக்கே குற்ற உணர்வு இருந்தது. விஞ்ஞானி ஃபாரடே 1860-இல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு ஒரே ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு உரை ஆற்றினார் என்று படித்த பிறகுதான் அது கொஞ்சம் குறைந்தது. அரையாண்டுத் தேர்வில் என் பிள்ளைகள் எடுத்த மதிப்பெண், இன்னொரு பிரிவைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காற்றில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு எல்லோரும் 21 என்றே எழுதினார்கள். எதை வைத்து நம்புகிறாய் என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

ஆனால் அவர்கள் கேட்டார்கள். அதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

மெழுகுவர்த்தி பொய் சொன்னால், 21 என்பது மட்டும் எப்படித் தெரியும் என்று அந்த முன் பெஞ்சுப் பிள்ளை கேட்டாள். ஆக்சிஜனைத் தின்னவேண்டும், ஆனால் சூடாகக் கூடாது, வேறு வாயுவும் வெளியே விடக்கூடாது. அப்படி எது இருக்கிறது? இரண்டு நாள் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு, துரு பிடிக்கும் இரும்பு என்று நான்தான் குறிப்புக் கொடுத்தேன். பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை ஈரமாக்கி டம்ளருக்குள் திணித்துக் கவிழ்த்தோம். நான்கு நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை, அது துருவே பிடிக்காத எஃகு. அடுத்து ஒரு பையன் அப்பா வேலை செய்யும் லேத் பட்டறையிலிருந்து இரும்புத் தூள் கொண்டுவந்தான். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பிலும் புளித்தண்ணீரிலும் அலசி எடுத்து, உப்புத் தண்ணீர் தெளித்து டம்ளரின் உட்புறத்தில் அப்பினோம். ஐந்து டம்ளர்கள் சன்னல் திண்டில் வரிசையாக நின்றன. துருவின் செம்மண் நிறம் நாளுக்கு நாள் ஏறியது. தண்ணீரும் ஏறியது, அவசரமே இல்லாமல். ஒரு வாரத்துக்குமேல் கழிந்து நான்கு டம்ளர்களில் ஐந்தில் ஒரு பங்குக் கோட்டை ஒட்டி வந்து நின்றுவிட்டது. ஒன்றில் பாதியிலேயே நின்றது. தூள் போதவில்லையா, வேறு ஏதாவதா என்று அந்தக் குழு கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

என் பதினாறாவது வாரத்தின் கடைசி நாள். கையெழுத்து வாங்கவேண்டிய ரெக்கார்டுகளோடு வகுப்புக்குள் போனேன். டீக்கடைப் பையன் சன்னல் திண்டருகே நின்றிருந்தான். டம்ளரில் ஒட்டிய தாள் பட்டையில் யாரும் சொல்லாமலேயே பல நாளாகப் பென்சிலால் கோடு போட்டு வந்திருந்தான். இரண்டு வரிசைக் கோடுகள். பக்கத்தில் குட்டி எழுத்தில் ‘கா’, ‘ம’ என்று எழுதியிருந்தது.

“நின்னுடுச்சுன்னு சொன்னீங்கள்ல டீச்சர். நிக்கல. காலையில வந்து பாத்தா மேல இருக்கு. மத்தியானம் சாப்ட்டு வந்து பாத்தா கீழ எறங்கிருக்கு. தெனமும் அப்படித்தான்.”

டீச்சரும் வந்து குனிந்து பார்த்தார். நான் விரல் கணுவைத் தொட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று.

“மத்தியானம் சன்னல்ல வெயில் அடிக்குதுல்ல” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

“அப்ப நாளைக்கு ஒண்ணை மட்டும் நிழல்ல வெச்சுப் பாக்கலாம்” என்றான் அவன்.